பலகை வண்டி வாங்கப் போனேன்

கல்முனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, எதிரே இருந்த தேநீர்க் கடையில் விசாரித்தேன். "ஏனுங்க, லத்தீப்னு ஒருத்தருங்க. மரத்துல செஞ்ச காரு வெச்சிருக்காருங்களாம். வீடு எங்கீங்க?" கடையில் இருந்த நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பேசுவது தமிழ் என்பது அவர்களுக்கு விளங்கிவிட்டது. கோயமுத்தூர்க்காரன் சொல்லுக்குச் சொல் ஒரு 'ங்க' போடுவான் என்பதுதான் விளங்கவில்லை.

கடைக்காரர் சற்று யோசித்தார். "மரத்தில கார் இஞ்ச ஒருத்தர்ட்டயும் இல்லியே. பாண் கொண்டு வாற பலகை வண்டி ஒண்டு இரிக்கி. அதச் சொல்றீங்களா?"

பாண் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. மரம் என்று பார்த்தால் பலகையும் மரம்தானே என்று, "ஆமாங்க" என்றேன்.

"ஓம் எண்டு சொல்லுங்க" என்று ஒருவர் திருத்தினார். "அப்ப இதிலயே இரிங்க. எங்கயும் தேடிப் போக வேணாம். அது வரக்குள்ள சத்தம் கேக்கும்."

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூரில் என் முதலாளிக்கு மில்களும் இருந்தன, பழைய கார்களும் இருந்தன. மில்கள் அவருக்குச் சோறு போட்டன. கார்களுக்கு அவர் சோறு போட்டார். பஸ்ஸுக்கு உடம்பு கட்டும் பட்டறையில் பல வருஷம் மர வேலை செய்துவிட்டு, அவருடைய கார்க் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தவன் நான். எண்பத்திரண்டாம் வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள் அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு புகைப்படத்தை நீட்டினார். சீமையில் செய்த வண்டி. மூக்கு மட்டும் தகரம். ஓட்டுநர் கதவிலிருந்து பின்கோடி வரைக்கும் மரச் சட்டம், மரப் பலகை, மேலே வார்னிஷ். துரைமார் வேட்டைக்குப் போகவும், ரயிலடியிலிருந்து பெட்டி படுக்கை ஏற்றி வரவும் ஒரு காலத்தில் வைத்திருந்த வகை.

"கல்முனைப் பக்கம் ஒருத்தர் கொடுக்கிறாராம். ஆஷ் என்கிற சீமை மரம். நம்ம ஜில்லாவில் யார்கிட்டயும் இல்லை" என்றார் முதலாளி. "எஞ்சின் ஓடாட்டியும் பரவாயில்லை. மரம் அசலா என்று மட்டும் பார்த்துச் சொல்லு. காகிதமெல்லாம் நான் பார்த்துக்கிறேன்." கொட்டகையில் அதற்கு இடம்கூட ஒழித்துவிட்டார். புகைப்படத்தின் இடது ஓரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தது. யாருடையதோ ஒரு வெள்ளைச் சட்டைத் தோள் மட்டும் மிஞ்சியிருந்தது. தோளைப் பற்றி முதலாளியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அரை மணி நேரத்தில் சத்தம் கேட்டது. பாத்திரக் கடை ஒன்றை மாட்டு வண்டியில் ஏற்றி மேட்டில் விட்டது போல ஒரு சத்தம். வண்டி வந்து நின்ற பிறகும் அது உடனே நிற்கவில்லை. புகைப்படத்தை ஒரு முறை பார்த்தேன், வண்டியை ஒரு முறை பார்த்தேன். மூக்கு அதேதான். மூக்குக்குப் பின்னால் இருந்த உடம்பில் ஐந்தாறு நிற மரங்கள் தெரிந்தன. மேலே கூரையின் விளிம்பில், படகுக்கு அடைப்பது போலப் பஞ்சும் குங்கிலியமும் அடைத்திருந்தது.

ஓட்டி வந்தவர்தான் லத்தீப். முப்பத்தைந்து வயதிருக்கும். கறுப்புக் கண்ணாடி, சட்டைப் பையில் சீப்பு. "இந்தியாவிலரிந்து வந்த அண்ணனா? ஏறுங்க, ஏறுங்க. அந்தக் கதவத் தொட வேணாம். இந்தப் பக்கத்தால வாங்க."

ஏறியதும் அவர் சொன்ன முதல் விஷயம்: "அண்ணன், வீட்ட வண்டி விக்கிற கதை மட்டும் கதைக்க வேணாம். நேரம் பாத்து நான் சொல்றன். நீங்க பலகை வேல பாக்க வந்த ஓடாவி எண்டு சொல்லி வெச்சிரிக்கன்."

தச்சனுக்கு அங்கே ஓடாவி என்று பெயர். பட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாங்க வந்தவனை வேடிக்கை பார்க்க வந்தவனாக மாற்றியது ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பின்னாலிருந்து வந்த வாசனையில் புத்தி அந்தப் பக்கம் போய்விட்டது.

பாண் என்பது நாம் ரொட்டி என்கிற சமாசாரம். சாய்ந்தமருதில் லத்தீப் வீட்டுக்குப் பின்னாலேயே பேக்கரி. விறகு அடுப்பு, செங்கல் குகை. அன்று மாலை எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, "ரொட்டி போதுங்க" என்றேன். தேங்காய்ப்பூப் போட்டுத் தட்டிச் சுட்ட வட்டமான ஒன்று வந்தது, கூடவே சம்பலும், ஆணம் என்கிற மீன் குழம்பும். பக்கத்து அறையில் நூறு பாண் அடுக்கியிருக்க, நான் கேட்டதற்காகவே தனியாக மாவு பிசைந்து சுட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே மொழிதான் என்று நம்பி ஒரு ஊருக்குப் போனால் இப்படித்தான் அடுத்தவர் வேலையைக் கூட்டிவிடுவோம்.

லத்தீப்பின் மனைவி சபியா என் முன்னால் வரவில்லை. நடுக்கதவில் ஒரு திரை தொங்கியது. குரல் அதற்குப் பின்னாலிருந்து வந்தது. மெல்லிய குரல், ஆனால் அந்தக் குரல் கேட்டால் பேக்கரியில் மாவு பிசைகிறவர்கள்கூட நிமிர்ந்து நின்றார்கள்.

"அண்ணனுக்கு மீன் ஒத்துக்கொள்ளுமா எண்டு கேளுங்க."

"ஒத்துக்குமுங்க" என்றேன்.

திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பை அடக்கும் சத்தம். 'முங்க'தான் காரணம் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை, வெறுந்தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வண்டியைப் பரிசோதிக்க இறங்கினேன். அதற்குப் பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. ஒரு துண்டு சர்க்கரைக் கட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒரு கடி ஒரு மடக்கு என்று போக வேண்டும். நான் கட்டியை முதலிலேயே தின்றுவிட்டேன்.

பேனாக்கத்தி, பூதக்கண்ணாடி எல்லாம் கொண்டு போயிருந்தேன். ஒவ்வொரு சட்டமாகக் கீறினேன், முகர்ந்தேன், தட்டிப் பார்த்தேன். கதவுகள் பலா. தரைப் பலகை பாலை. பக்கச் சட்டங்கள் முதிரை. அந்த மரம் கிடைத்தால் எங்கள் ஊரில் பூஜையறைக்குக் கதவு செய்வார்கள், இங்கே பாண் பெட்டி இடிக்க விட்டிருக்கிறார்கள். லத்தீப் என் பின்னாலேயே நடந்து, "ஒரிஜினல் அண்ணன், எல்லாம் ஒரிஜினல்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே அலுத்துவிட்டது.

நல்லவேளை, மூன்று துண்டு தேறியது. பின்பக்கத்துத் தூண்கள் இரண்டு, ஓட்டுநர் கதவுக்கு மேலே ஓடும் ஒரு சட்டம். நீள நீளமான நார், வெளிறின நிறம். "ஆஷ்தானுங்க. மூணு துண்டு அசல்" என்று சத்தமாகச் சொன்னேன். வண்டி நின்ற இடம் வீட்டுச் சன்னலுக்குக் கீழே.

"ரெண்டு" என்றது சன்னல். "கதவுக்கு மேல இரிக்கிறது எங்கட பழைய கட்டில்ட சட்டம். மலைவேம்பு. காக்கா வார்னிஷ் பூசி வெச்சார்."

காக்கா என்றால் அங்கே அண்ணன். பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடி பார்த்தேன். மலைவேம்புதான். அத்தனை வருஷ அனுபவத்தைக் கண்ணாடியோடு சேர்த்துப் பைக்குள் வைத்தேன். ஆனால் மானம் போனால் சும்மா இருக்கிறவனா நான்? "போட்டோல அப்பிடித் தெரியலீங்களே" என்று சொல்லிவிட்டேன்.

"என்ன போட்டோ?"

லத்தீப் என் கையைப் பிடித்தார். நேரமாகிவிட்டது. சன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு கை, நான்கு வளையல்களோடு நீண்டது. கொடுத்துவிட்டேன்.

பேக்கரியில் தட்டுகள் உரசும் சத்தம் மட்டும் வந்தது.

"இது எங்கட கலியாணத்தண்டு எடுத்த போட்டோ" என்றது குரல், முன்பைவிடவும் மெல்லியதாக. "எங்கட வாப்பா வண்டியில கைய வெச்சிக்கிட்டு நிப்பார். மௌத்தாகி நாலு வருசம். அவரட போட்டோ எண்டு வீட்டுல இரிந்தது இது ஒண்டுதான். இந்தத் தோள் அவரட தோள்."

லத்தீப் சீப்பை எடுத்தார், தலை வாரினார், திரும்ப வைத்தார்.

"வெட்டின துண்டு எங்க?"

"இரிக்கி, அலுமாரியில இரிக்கி" என்றார் லத்தீப். "எறியல்ல, புள்ள. அல்லாஹ்வறிய எறியல்ல."

"வண்டிய விக்கவா போறீங்க?"

பதில் சொல்ல வேண்டியவரும் ஒருவர், கேட்டிருக்கக் கூடாதவனும் ஒருவன். இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்தக் கரையில் கலியாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி போகிறார். வீடு பெண்ணுக்கு. சபியாவின் தகப்பனார் வீட்டோடு பேக்கரியையும், பேக்கரியோடு இந்த வண்டியையும் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்திருக்கிறார். நீர்ப்பாசன வேலைக்கு வந்த ஒரு துரை விட்டுப் போன வண்டியாம். ஆக, நான் கடல் கடந்து வந்து, விற்க உரிமை இல்லாதவரிடம், மூன்று துண்டு அசல் என்று சொல்லி, அதையும் இரண்டாகக் குறைத்துக்கொண்டு நின்றேன்.

ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன். "அந்த மீதிப் பலகையெல்லாம் எங்கீங்க?"

"சாப்பிட்டுட்டம்" என்றது குரல்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அடித்த சூறாவளியைப் பற்றி வரும் வழியெல்லாம் கேட்டிருந்தேன். தலை முறிந்த தென்னைகள் இன்னும் நின்றன. அன்று வண்டிக் கொட்டகை வண்டியின் மேல் விழுந்து, பலகையெல்லாம் நொறுங்கியிருக்கிறது. பேக்கரி அடுப்பு மட்டும் தப்பியது. மாவும் கொஞ்சம் தப்பியது. விறகுதான் இல்லை. ஊரில் இருந்த மரம் முழுவதும் ரோட்டில் கிடந்தது, முழுவதும் ஈரம்.

"சனம் பள்ளிவாசலுக்குள்ள இரிந்தாங்க. பச்சப் புள்ளையெல்லாம் பசியில கத்தின" என்றார் சபியா. "இந்தச் சீமைப் பலகை வருசக்கணக்கா வார்னிஷ் குடிச்ச பலகை. உள்ள ஈரமே போகல்ல. நான்தான் கோடாலி எடுத்தன். மூணு நாள் அடுப்பு எரிஞ்சிச்சி. அந்தப் பாண் நல்ல மணமா இரிந்ததாம். இன்னும் சொல்றாங்க."

"அப்ப நீங்க?" என்று லத்தீப்பைப் பார்த்தேன்.

"இவர் கொழும்புக்கு வண்டிச் சாமான் வாங்கப் போயிரிந்தார்" என்றது குரல். சன்னல் சாத்தப்பட்டது.

மறுநாள் புதன்கிழமை. நான் மூட்டை கட்டியிருக்க வேண்டும். ஆனால் லத்தீப், "பாண் போட வயல் பக்கம் போறன், வாங்க அண்ணன், ஊரப் பாருங்க" என்று கூப்பிட்டார். வீட்டில் இருப்பதைவிட அது மேல் என்று இரண்டு பேருக்குமே தோன்றியிருக்க வேண்டும்.

அக்கரைப்பற்றில் நெல் லொறிகளுக்கு நடுவே ஊர்ந்து, கடைகளுக்குப் பாண் போட்டுவிட்டு, வரிப்பத்தான்சேனைப் பக்கம் திரும்பினோம். அறுவடைக் காலம். எங்கள் ஊரில் கிணற்றை எட்டிப் பார்த்துத்தான் விவசாயம். இங்கே வாய்க்கால் நம்மைக் கேட்காமலே கூட வருகிறது. இரு பக்கமும் நெல், உழவு மெசின்களில் ஆட்கள், குளத்துப் பக்கமிருந்து வரும் எருமைத் தயிர்ச் சட்டிகள். வண்டிச் சத்தம் கேட்டதுமே களத்து மேடுகளிலிருந்து ஆட்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்தார்கள். ஹாரன் தேவையே இல்லை. ஹாரனும் இல்லை.

வாய்க்கால் கரையில் ஓரிடத்தில் மண் இளகியிருந்தது. இடது பின்சக்கரம் இறங்கியது. வண்டி சாய்ந்தது. எனக்குப் பின்னால் சுளுக்கு எடுப்பது போல ஒரு சத்தம். தொழில் தெரிந்தவனுக்கு அது என்னவென்று பார்க்கத் திரும்ப வேண்டியதில்லை. இடது பின் தூண் முறிந்தது. அசல் தூண். கூரை ஒரு பக்கம் தொங்கி, பின்கதவு திறந்து, பாண் முழுவதும் வாய்க்காலில் இறங்கி வாத்துக் கூட்டம் மாதிரி வரிசையாக மிதந்து போனது.

அறுவடைக்காரர்கள் ஓடி வந்தார்கள். வண்டியைத் தூக்கத்தான் என்று நினைத்தேன். அத்தனை பேரும் வாய்க்காலில் குதித்துப் பாணைப் பிடித்தார்கள். வண்டி எங்கேயும் போகாது, பாண் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு.

"ஊறினாப் பரவாயில்ல, லத்தீப் காக்கா! தயிர் இரிக்கி, சீனி இரிக்கி!"

வாழை இலையில் ஊறின பாண், மேலே வெட்டி எடுத்த எருமைத் தயிர், சீனி. அந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதிலேயே சிறந்தது அதுதான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

உழவு மெசின் வந்து இழுப்பதற்காகக் காத்திருந்தபோது லத்தீப் கரையில் உட்கார்ந்து மனதைத் திறந்தார். சவூதிக்கு டிரைவர் வேலைக்குப் போக வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. கூட்டாளிகள் போய்விட்டார்கள். கடிதத்தில் குளிரூட்டிய வண்டி என்று எழுதுகிறார்கள்.

"அண்ணன், வீடு அவட. பேக்கரி அவட. வண்டி அவட. இஞ்ச என்ட எண்டு சொல்ல இந்தச் சீப்பு மட்டும்தான் இரிக்கி. வண்டி இரிக்குமட்டும் ஓடுறதுக்கு நான் வேணும். வண்டி போச்செண்டா என்னத்துக்கு நான்? அப்பதான் போகச் சொல்லுவா."

"அவங்ககிட்ட நேரா கேட்டீங்களா?"

"கேட்டு வேணாமெண்டு சொல்லிட்டா மறுகா என்ன செய்யிற?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்ணன், நான் எப்படியாச்சும் அவள சரிக்கட்டுறன். நீங்க உங்கட முதலாளிக்கிட்ட எல்லாம் ஒரிஜினல் எண்டு சொல்லுங்க. அவருக்கு விளங்கவா போகுது? வேணுமெண்டா அங்க கொண்டு போய் நீங்களே புதுசா மாத்திப் பூசிருங்க."

சொல்லக் கூடாதுதான், ஆனால் நான் யோசித்தேன். முதலாளிக்குத் தேக்குக்கும் தென்னைக்கும் வித்தியாசம் தெரியாது. வெறும் கையோடு போனால் என் பெயர் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். "பாக்கலாமுங்க" என்றேன். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை காலை, சபியாவின் மூத்த சகோதரர் இஸ்மாயில் வந்தார். கடற்கரையில் தோணி கட்டுகிறவர். வண்டியின் இப்போதைய உடம்பு முழுவதும் அவர் கைவண்ணம். உடைந்த தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்களும் ஓடாவியாமே? அப்ப ரெண்டு பேராப் பாத்தா அந்திக்குள்ள முடியும்."

நான் தயங்கினேன். முறிந்த தூண் போகட்டும். வலது தூணின் அடிக்கட்டையும் உளுத்திருந்தது. கூரையைத் தாங்க வேண்டுமானால் இரண்டையும் எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். அதாவது, அசல் என்று சொல்ல மிஞ்சியிருந்த கடைசித் துண்டையும் அறுக்க வேண்டும். அறுத்துவிட்டால் முதலாளியிடம் பொய் சொல்லக்கூட ஒரு பிடி இருக்காது.

"ஒரு வாரம் அப்பிடியே விட்டுப் பாக்கலாமுங்களா?" என்றேன்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நாளைக்கு விடிய வண்டி போகணும் அண்ணன். நாளைக்கு நாங்க போகல்ல எண்டா, மத்த பேக்கரிக்காரன் வேனைக் கொண்டு போவான். அறுவடை நேரம் ஒரு நாள் விட்டா வயல் முழுக்க அவனுக்குத்தான். இஞ்ச பதினொரு குடும்பம் அடுப்படியில வேல செய்யிது."

இஸ்மாயில் மரம் அறுக்கும் வாளை என் கையில் கொடுத்தார். அறுத்தேன். முழுக்க முழுக்க என் கையாலேயே அறுத்தேன். நல்ல மரம், அத்தனை வருஷத்துக்குப் பிறகும் உள்ளே பால் போல வெளுத்திருந்தது.

புதிய தூண்களுக்கு முதிரை. இஸ்மாயில் அளவுகோல் பிடிக்கவே இல்லை. சாணும் விரலுமாக அளந்தார், கண்ணை ஒருக்களித்துப் பார்த்தார், மூட்டு இழை பிசகாமல் உட்கார்ந்தது. நான் ஒரு மூட்டுக்கு மூன்று முறை கோடு போட்டேன். "இந்தியாவில மரம் மலிவா?" என்று அவர் ஒரு முறை கேட்டார். அதில் குத்தல் இருந்ததா என்று இன்று வரை தெரியாது. பகலில் இடியப்பம், சொதி, விருந்துக்குச் செய்கிற வட்டிலப்பம் என்ற இனிப்பு எல்லாம் வந்தன. வட்டிலப்பம் விருந்தாளிக்கா வேலைக்காரனுக்கா என்று கேட்டேன். "தூண் நிக்கிறதப் பாத்துச் சொல்றன்" என்றார் இஸ்மாயில்.

பொழுது சாய்வதற்குள் கூரை உட்கார்ந்தது. லத்தீப் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியாக அசல் என்று சொல்ல ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் விளங்கிவிட்டது. என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. சைக்கிளைத் தொலைத்த பள்ளிக்கூடப் பையனின் முகம்தான் இருந்தது.

அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து சபியா பேசினார். அண்ணன் முன்னாலும் அந்நியன் முன்னாலும் பேச வேண்டும் என்றே காத்திருந்தார் போல.

"சவூதிக்குப் போற எண்டா போங்களன். அதுக்கு வாப்பாட வண்டிய ஏன் விக்கணும்?"

லத்தீப் நின்ற இடத்தில் நின்றார். "உனக்கு ஆரு சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. சூறாவளிக்குச் சாமான் வாங்க எண்டு கொழும்புக்குப் போனீங்க. ஒரு ஆணி கொண்டு வரல்ல. பாஸ்போட்டுக்கு எடுத்த போட்டோவ மட்டும் சட்டைப் பையில வெச்சிக்கிட்டு வந்தீங்க. அந்தச் சட்டைய நான்தானே தோய்ச்ச."

"அப்ப மூணு வருசமா..."

"நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இரிந்தன்."

இஸ்மாயில் உளியைத் துடைக்க ஆரம்பித்தார். உளி சுத்தமாகத்தான் இருந்தது. நானும் ஒன்றை எடுத்துத் துடைத்தேன்.

"நான் போனா வண்டிய ஆரு ஓடுற?" என்றார் லத்தீப். குரல் வெகுவாக இறங்கியிருந்தது.

"காக்கா ஓடுவார். அவரும் இல்லாட்டி மாடு பூட்டுவன்" என்றார் சபியா. பிறகு, "போயிட்டு வாங்க. ஆனா அந்த வெட்டின போட்டோவ ஒட்டித் தந்துட்டுப் போங்க" என்றார்.

அந்த மெல்லிய குரல் அந்த ஓரிடத்தில் மட்டும் உடைந்தது. லத்தீப் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வெயில் இல்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போது வண்டி பாணை ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போனது. தூண்கள் அசையவில்லை. நான் ஜும்ஆத் தொழுகை முடிந்து லத்தீப் வரும் வரை இருந்து, சொல்லிக்கொண்டு புறப்பட்டேன். ஒரு பை நிறைய, பணிஸ் என்று அவர்கள் சொல்லும் பன்னும், இஸ்மாயில் கொடுத்த ஒரு சாண் நீள ஆஷ் துண்டும் என்னோடு வந்தன. "உங்கட முதலாளிக்கு" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்.

முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "கடைசித் தூணை நீயே அறுத்தியா?" என்றார்.

"ஆமாங்க."

அந்தத் துண்டைக் கையில் உருட்டிப் பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். "அவ்வளவு தெரிஞ்சவன், நீயே ஒண்ணு கட்டிடேன்" என்றார். இடம் ஒழித்தாயிற்றே, அது காலியாக இருந்தது அவருக்கு உறுத்தல். ஒரு பழைய அடிச்சட்டம் கிடைத்தது. மேலே நான் மலைவேம்பில் உடம்பு கட்டி வார்னிஷ் பூசினேன். அந்த ஒரு சாண் ஆஷை ஸ்டீரிங்குக்கு எதிரே பதித்தேன். இன்று விருந்தாளிகள் வந்தால் முதலாளி, "சிலோனிலிருந்து வந்த வண்டி, அந்தக் காலத்து மரம்" என்கிறார். அவர்கள் மலைவேம்பைத் தடவித் தடவிப் பார்க்கிறார்கள். நான் பக்கத்தில் கைகட்டி நிற்கிறேன். ஒரு சாண் அளவுக்கு அவர் சொல்வது உண்மைதான்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரே மாதத்தில் எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது இஸ்மாயில் எழுதியது. வண்டியை இப்போது அவர்தான் ஓட்டுகிறார். தூண்கள் நன்றாக இருக்கின்றன. போட்டோவை ஒட்டிச் சட்டம் போட்டாகிவிட்டது. ஒட்டின கோடு தெரிகிறது, பரவாயில்லை. கடைசியில் ஒரு விஷயம்: மச்சான் சவூதியில் ஒரு பெரிய பேக்கரிக்குப் பாண் வண்டிதான் ஓட்டுகிறாராம். தங்கச்சி எப்படியோ அறிந்துவிட்டாள். அவராகச் சொல்லட்டும் என்று இருக்கிறாள். அவருக்கு எழுதினால் தயவுசெய்து இதைச் சொல்லிவிட வேண்டாம்.

இரண்டாவது லத்தீப் எழுதியது. வண்டி குளிரூட்டியதாம், முழுக்க இரும்பாம், விடியற்காலை முதல் பகல் வரை பாண் கொண்டு போகிறாராம். "ஒரு பெரிய மனிதரின் கார் ஓட்டுவதாகத்தான் வீட்டுக்கு எழுதியிருக்கிறேன். ஊருக்கு எழுதினால் அவளுக்குத் தெரியும்படி எதுவும் எழுதிவிடாதீர்கள், அண்ணன்."

இரண்டு பேருக்கும், சரி என்று ஒரே வரியில் பதில் எழுதிப் போட்டேன்.